ஏழு மாதம் குடிக்காதவர்

எங்கள் வீட்டில் தாழ்ப்பாள்கள் அதிகம், இன்ஸ்பெக்டர் மேடம். வருகிறவர்கள் சிரிப்பார்கள். குளியலறைக்கு மட்டும் உள்பக்கம் மூன்று. பதினோரு வருஷமாக, அவர் குடித்துவிட்டு வந்தால் நானும் என் மகள் கயல்விழியும் அதற்குள்தான் உட்கார்ந்திருப்போம்.

என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் மெக்கானிக். போன வருஷம் அவருக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிவிட்டது. சிதம்பரத்தில் ஒரு டாக்டர் வயிற்றிலிருந்து நீர் எடுத்தார். கல்லீரல் சுருங்கிவிட்டது, குடியை விட்டால் இன்னும் பல வருஷம் இருக்கலாம், தொட்டால் ரத்த வாந்தி எடுத்துப் போய்விடுவார் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அவர் விட்டுவிட்டார். ஏழு மாதம் ஒரு சொட்டு இல்லை. வயிறு வடிந்து, பழைய சட்டையெல்லாம் சேர்ந்தது. கயலுக்குத் தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டார். மில்லில் கூட வேலை பார்க்கும் கலியமூர்த்தி, குடிக்கிறவர்களிடம் இவரைக் காட்டித்தான் புத்தி சொல்வாராம்.

எனக்குத்தான் பயம் ஜாஸ்தியானது. குடித்த காலத்தில் எனக்கு எல்லாம் அத்துப்படி. பாடிக்கொண்டு வந்தால் அடி இல்லை, பேசாமல் வந்தால் உண்டு. இப்போது தினமும் பேசாமல்தான் வந்தார். செருப்பு கழற்றும் சத்தம் கேட்டாலே குளியலறைக் கதவுப் பக்கம் போய் நின்றுகொள்வேன். இன்றைக்கா, நாளைக்கா என்று ஏழு மாதம் காத்திருந்தேன். கயல் அவர் மடியில் தலை வைத்துப் பாடம் படிக்க ஆரம்பித்தாள். பயப்படுவதையே மறந்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அவளை மஞ்சக்குப்பத்தில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் டவுன் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு கடையில் குவாட்டர் பிராந்தி வாங்கினேன். வரிசையில் நின்ற ஆம்பிளைகள் மரியாதையாக வழி விட்டார்கள்.

சாயங்காலம் டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வேணாம் செல்வி, எடுத்துனு போயிடு. எனக்கு பயமா இருக்குது."

"ஒரு வாய்தான. நான்தான குடுக்கறேன்."

எழுந்து வெளியே போகப் பார்த்தார். நான் கதவைச் சாத்திக் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார், காதைப் பொத்திக்கொண்டார், அழுதார். அப்புறம் எடுத்துக் குடித்தார்.

மறுநாள் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. டம்ளரை அவரே கழுவிக் கொண்டுவந்தார். பத்தொன்பது நாள் தினமும் சிதம்பரம் போய் வாங்கிவந்தேன், பத்தொன்பது பாட்டில். வெளியே எறிந்தால் மறுபடி குடிக்கிறார் என்று ஊர் பேசுமே என்று அரிசி டிரம்முக்குப் பின்னால் அடுக்கி வைத்தேன். அந்தப் பத்தொன்பது நாளும் அவர் என்னை அடிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபதாம் நாள் காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தார். கலியமூர்த்தி ஓடிப்போய் ஆட்டோ கூட்டிவந்தார். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்ன பண்ணேன் செல்வி?" என்று கேட்டார். குடிக்காத ஏழு மாதத்தைத்தான் கேட்டிருப்பார். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சிதம்பரம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

குடியால் போனார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என் தங்கை வீட்டிலிருந்து திரும்பிவந்த கயல்தான் பாட்டில்களைக் கண்டுபிடித்தாள். கேட்டாள், சொன்னேன். அவள் உங்களிடம் வந்தது தப்பென்று நான் நினைக்கவில்லை. ஆமாம், நான்தான் கொடுத்தேன், அவர் செத்துப்போவார் என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

இப்போது நான் தண்ணீர் கொடுத்தால்கூட அவள் வாங்குவதில்லை. நான் கிட்டே போனால் குளியலறைக்குள் போய் மூன்று தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்கிறாள். எனக்கு அதுதான் நிம்மதி, மேடம். பயம் இருந்தால் பிள்ளை பத்திரமாக இருக்கும்.