வைத்தி மாமா தவறிட்டார்

வத்சலா: ...பெத்தவாளா இதுகள்? புள்ளை சைக்கிள் திருடி ஜெயிலுக்குப் போறான், அப்பன்காரன் கிளப்புல சீட்டாடிண்டிருக்கான்!

சேஷன்: ஷ்... மெதுவா. முன் சீட்டுக்காரன் முறைக்கறான்.

வத்சலா: முறைக்கட்டும். எனக்கு வயிறு எரியறது. கர்ச்சீப் குடுங்கோ.

சேஷன்: போன ஞாயித்துக்கிழமை படத்துக்கே ரெண்டை நனைச்சே... வத்சலா, அதோ, மங்கி கேப் போட்டுண்டு... நம்ம முகுந்தன் மாதிரி இல்லே?

வத்சலா: சீ! அவன் தமிழ்ப் படம்னாலே போர்னு சொல்லுவான். ஆத்துல கணக்குப் போட்டுண்டிருக்கான். மோர்சாதம் மூடி வெச்சுட்டு... ஐயையோ, அவனேதான்னா! நான் பின்னின ஸ்வெட்டர்!

சேஷன்: பதிமூணு வயசுல திருட்டு சினிமாவா? ராஸ்கல்!

வத்சலா: பக்கத்துல எவனோ ஒரு தடியன், தோள்ல கையைப் போட்டுண்டு வேர்க்கடலை குடுக்கறான். படத்துலயும் இப்படித்தானே! முதல்ல வேர்க்கடலை, அப்பறம் சைக்கிள்!

சேஷன்: இரு, காதைப் பிடிச்சு இழுத்துண்டு வரேன்.

வத்சலா: உக்காருங்கோ! நாம எங்கே போறோம்னு சொல்லிட்டு வந்தோம்?

சேஷன்: ...ஓ.

வத்சலா: துக்கம் கேக்கப் போறோம்னு! வாசல்ல மூக்கைச் சிந்திண்டே இறங்கி, பஸ் ஸ்டாப்புலன்னா பூ வெச்சுண்டேன்...

சேஷன்: இன்னிக்கு யாரைச் சொன்னே?

வத்சலா: வாய்ல வந்த பேரு... உங்க ஆபீஸ் வைத்தி.

சேஷன்: அடிப்பாவி! நேத்திக்கு என்னோட கான்டீன்ல சமோசா தின்னானே!

வத்சலா: பின்னே? துக்கம்னாத்தான் "நானும் வரேன்"னு கிளம்ப மாட்டான்.

சேஷன்: தலையைக் குனிஞ்சுக்கோ. இன்டர்வெல், லைட் போட்டுட்டான்.

வத்சலா: ஏன்னா... அந்தத் தடியன் திரும்பறான்...

சேஷன்: ஐயோ, வைத்தி!

வத்சலா: செத்துப்போனவரா?

சேஷன்: சீட்டுக்கு அடியில போயிடு!

வத்சலா: நீங்க போங்கோ, உங்க தொப்பைக்கு இடமிருந்தா.

வைத்தி: அடடே, சேஷா! கீழே என்ன தேடறே?

சேஷன்: செருப்பு... செருப்பைக் காணோம்.

வைத்தி: கால்லதானே ஓய் இருக்கு.

முகுந்தன்: அம்மா! நீங்க இங்கேயா தேடறேள்? பாரு, வைத்தி மாமா மில் கயே!

வத்சலா: என்னடா... கிடைச்சாரா?

முகுந்தன்: நீதானே மாமா தவறிட்டார்னு சொன்னே? கோ கயே... காணாமப் போயிட்டார்னுதானே? நீ வேற அழுதுண்டே போனியா, நானும் தேடலாம்னு சைக்கிள் எடுத்துண்டு...

சேஷன்: ஏதுடா சைக்கிள்?

முகுந்தன்: பக்கத்தாத்து சர்தார்ஜி அங்கிளோடது. அவர் தூங்கிண்டிருந்தார்.

வத்சலா: பகவானே!

முகுந்தன்: முதல்ல மாமா ஆத்துக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார்.

வைத்தி: "எப்போ கிடைச்சேள் மாமா?"ங்கறான். ஒண்ணும் புரியலை. ஆத்துல யாரும் இல்லைன்னானே, பாவம்னு படத்துக்குக் கூட்டிண்டு வந்தேன்.

சேஷன்: ஹி ஹி... இந்தி ஸ்கூல்ல படிக்கறானோன்னோ, அவனுக்குத் தமிழ் கொஞ்சம் வீக்.

வைத்தி: அது சரி. காணாமப் போகலைன்னா நான் என்னதான் ஆனேன்?

வத்சலா: கண்ணா, இனிமே நீ யாரையும் தேடப் போகாதே. என்ன?

முகுந்தன்: போன சண்டே விசாலாக்ஷி மாமி தவறினா. அதுக்கு முன்னாடி ருக்கு அத்தை. எல்லாரையும் போய்த் தேடிட்டேன் அம்மா. எல்லாரும் அவாவா ஆத்துலதான் இருக்கா. சண்டே சண்டே நீங்க ரெண்டு பேரும்தான் தவறிடறேள்.