ஒரு நூல் உள்ளே

நல்ல ஜிப் சத்தம் போடாது. துணிக்கடை மாடியில், ஆல்டரேஷன் பிரிவில், இருபத்திரண்டு வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இது தெரியும். ஜிப் முனகினால் குற்றம் துணியில் இல்லை, உள்ளே நிற்கும் ஆளிடம் இருக்கிறது. அதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். அளவு எடுத்தவர் தப்பாக எடுத்துவிட்டார் என்போம்.

மாப்பிள்ளை, நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். படித்துவிட்டுத்தான் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடலாமா என்று முடிவு செய்வதாகவும் சொன்னீர்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் எதையும் தெளிவாகப் பார்க்க நினைப்பது நியாயம்தான். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நான் குச்சி, தங்கை குண்டு. அம்மா வைத்த பெயர்கள். அம்மா போன பிறகும் உறவுக்காரர்கள் அவற்றை விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "எப்படித்தான் உடம்பை இப்படி வெச்சிருக்கியோ" என்று வாய் பிளப்பார்கள். அவள் பக்கம் திரும்பி, ஸ்கூல் எப்படிப் போகிறது என்று கேட்பார்கள். அவளுக்குப் படிப்பு இருந்தது, டீச்சர் வேலை இருந்தது, யாரையும் கவர்ந்துவிடும் சிரிப்பு இருந்தது. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் நீங்களும் கிடைத்தீர்கள். எனக்கு இடுப்பு இருந்தது.

நிச்சயம் முடிந்த அடுத்த சனிக்கிழமை கல்யாண கவுன் வாங்கப் போனோம். ஷோகேஸில் நின்ற தந்த நிற சாட்டின் கவுனைப் பார்த்ததும் அவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். போட்டுப் பார்த்தபோது ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது.

"இந்த டிசைன்ல இது ஒண்ணுதான் இருக்கு. பெரிய சைஸ் வராதும்மா" என்றாள் கடைக்காரி.

"அக்கா, நீ பாரேன். பிரிச்சு விட முடியுமா?"

உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பக்கத் தையலில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருந்தார்கள். ஒரு மத்தியானத்தில் பிரித்துத் தைத்துக் கொடுத்திருப்பேன்.

"உள்ளே துணியே இல்லடி" என்றேன்.

அவள் சோர்ந்து போவாள், வேறு கவுன் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். அவளோ, "அப்ப கவுன் என்கிட்ட வர வேண்டாம். நான் கவுன்கிட்ட போறேன்" என்று சொல்லி அதையே வாங்கிவிட்டாள். எடை குறைக்கிறேன் என்று இதற்கு முன் மூன்று முறை கிளம்பியவள். மூன்றுமே ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. ஆகவே நான் பதறவில்லை.

இந்த முறை தாண்டினாள். இனிப்பை நிறுத்தினாள். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு கிண்ணம் சூப்போடு எழுந்துகொண்டாள். ஞாயிறுதோறும் கவுனைப் போட்டுப் பார்ப்பாள். ஜிப்பை நான் இழுப்பேன். மூன்றாவது ஞாயிறு அது இரண்டு விரல் கூடுதலாக ஏறியது. சத்தமே போடவில்லை.

அவள் கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்னால் நின்ற நான் இரண்டு உருவங்களையும் பார்த்தேன். எனக்கு அவள் உடல்நிலையைப் பற்றிக் கவலை வந்தது. அவசரமாக இளைப்பது உடம்புக்கு ஆகாது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் எனக்கு வார விடுமுறை, அவளுக்கு ஸ்கூல். கவுனை எடுத்து இரு பக்கமும் ஒரு நூல் உள்ளே பிடித்துத் தைத்தேன். எங்கள் கணக்கில் ஒரு நூல் என்பது ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்படிப் பதினான்கு திங்கட்கிழமைகள். அவள் ஒரு அடி நெருங்கினால் கவுன் ஒரு அடி பின்வாங்கியது. அவளுடைய மற்ற உடைகள் தொளதொளத்துக் குழப்பம் உண்டாக்கக் கூடாது என்று அவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். கூலி வாங்கியிருந்தால் பெரிய வேலை.

தராசை நான் தொடவில்லை, அது நிச்சயம். எடை பார்க்கும்போது அவள் வளையலைக் கழற்றுவாள், கிளிப்பைக் கழற்றுவாள், கடைசியில், "இதுவும் எடைதானேக்கா" என்று மூக்குக் கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுப்பாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தன் கால் விரலே தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். முள் எங்கே நிற்கிறது என்று நான்தான் படித்துச் சொல்வேன். எழுபத்திநாலில் ஆரம்பித்தோம். நான்கு மாதம் பட்டினி கிடந்து எழுபத்திரண்டுக்கு வந்தாள். நானாக இரண்டு கிலோ குறைத்துக் கொடுத்தேன். முழுக்க ஏமாற்ற மனம் வரவில்லை.

நீங்கள் அவளிடம், "ரொம்ப இளைச்சுட்ட" என்றீர்களாம். வந்து கேட்டாள். "கட்டிக்கப் போறவர் வேற எப்படிச் சொல்வார்?" என்றேன். கூட வேலை செய்யும் டீச்சர்களும் அதையே சொன்னார்களாம். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்றேன். அவள் அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எலும்பு கையில் தட்டியது.

கவுன் ஏறவில்லை என்று அவள் கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்தபோது நீங்கள் என் கடை மாடிக்கே ஏறி வந்தீர்கள். "உண்மையச் சொல்லுங்கக்கா, அவளுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். நான் உங்களிடம் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

பிறகு ஸ்கூலிலிருந்து போன் வந்தது. குழந்தைகளுக்கு ஆட்டப்பாட்டு சொல்லிக் கொடுக்கும்போது, "எல்லாரும் உட்காருங்க" என்ற வரிக்கு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அதுவும் பாட்டில் வருகிறது என்று இருபத்துமூன்று பிள்ளைகளும் சாய்ந்துவிட்டன. தலைமையாசிரியை வந்து பார்த்தபோது வகுப்பே தரையில் கிடந்ததாம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் அவளை எடைமேடையில் நிறுத்தி, "ஐம்பத்தெட்டு" என்றாள்.

"சரியாப் பாருங்க சிஸ்டர். எழுபத்திரண்டு இருக்கும். வேணும்னா கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க."

"கண்ணாடி போட வேண்டியது நீங்கதாம்மா."

தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். குனிந்து முள்ளைப் பார்த்தாள். நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கவுனை உள்பக்கம் திருப்பி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பதினான்கு வரிசைத் தையலையும் விரலால் எண்ணினாள். ஒரு வரிசையாவது கோணலாக இருந்தால் வேறு யாரையாவது சொல்லியிருக்கலாம்.

"ஏன்க்கா?"

"உன் உடம்பு கெட்டுடக் கூடாதேன்னுதான்."

"நான் மயங்கி விழுந்ததே உன்னாலதானே?"

"பிரிக்கும்போது பார்த்துப் பிரி, சாட்டின் கிழிஞ்சிரும்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று சாயங்காலமே பெட்டியோடு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். கவுனை வேறு தையல்காரியிடம் கொடுத்திருக்கிறாளாம்.

ஆக, செய்தது எல்லாம் நான்தான். பொய் சொன்னேன், தையலைப் பிடித்தேன், எண்ணை மாற்றிப் படித்தேன். எல்லாம் அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. பொறாமை என்று ஒரு வார்த்தையை அவள் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் குணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை, நேற்று வரை.

நேற்றுக் காலை அந்தத் தராசில் நானே ஏறிப் பார்த்தேன். எழுபத்துமூன்று காட்டியது. இத்தனை மாதமும் அவள் ஒதுக்கி வைத்த தட்டையெல்லாம் நான்தான் காலி செய்தேன், இல்லை என்று சொல்லவில்லை. சாப்பாட்டை வீணாக்க முடியுமா? அதற்காகக் குச்சி எழுபத்துமூன்று ஆகிவிட முடியாது. போகிற போக்கில் முள்ளைத் திருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கூடப் பிறந்தவளுக்கே ஒருத்தி இப்படிச் செய்வாளா, மாப்பிள்ளை?