நீலக் கோட்டுக்காரரின் இருக்கை

என் பெயர் தெம்போ எரியா, வயது நாற்பத்தொன்று, தகப்பனார் பெயர் மும்பெரே, குடியிருப்பது கசேசே ஊரின் ரயில்வே லைன். தொழில், வேனில் உட்காருவது. போலீஸ் ஐயா சிரித்தாலும் அதுதான் தொழில். எங்கள் ஊரில் காலி வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள், நிரம்பாமல் வேனும் கிளம்பாது. ஆகவே நான் இந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு பயணியைப் போல முதலில் உட்காருவேன், என்னைப் பார்த்து நாலு பேர் ஏறுவார்கள், நிரம்புகிற நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி இறங்கிவிடுவேன், ஓட்டுநர் கூலி கொடுப்பார்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஃபோர்ட் போர்ட்டல் நகரத்துக்குப் போகும் வேனில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் மசெரேகா. எதிர்ப்பக்கம், புதிதாக விட்டிருக்கும் நேரப் பஸ் நின்றது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பத்து மணிக்குக் கிளம்பிவிடும். "காத்தை ஏத்திக்கிட்டுப் போறான் பாரு" என்று நாங்கள் கேலி செய்வோம். அப்போது கபுகோ என்ற பெண், பெயர் பிற்பாடுதான் எனக்குத் தெரியும், கைக்குழந்தையோடு அந்தப் பஸ்ஸின் படியில் ஒரு கால் வைத்து, உள்ளே ஆள் இல்லாததைக் கண்டு தயங்கி, எங்கள் வேனுக்கு வந்தார்.

"அண்ணே, இது உடனே போகுமா? புள்ளைக்கு மூச்சு முட்டுது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க."

"ஏறு தங்கச்சி. எனக்கும் அவசரந்தான். இப்பக் கிளம்பிடும்" என்றேன்.

அதன் பிறகு அவர் மூட்டையைச் சீட்டுக்கடியில் தள்ளும்வரை குழந்தையை என் மடியில் கொடுத்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. அப்போதாவது எதிர்ப் பஸ்ஸைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அது என் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று.

அதன் பிறகு வேன் நிரம்பும் நிலைக்கு வந்ததால் மசெரேகா கண்ணைக் காட்டினான். சப்பாத்தி வாங்கி வருவதாகச் சொல்லி இறங்கினேன். "சீக்கிரம் வாங்கண்ணே, உங்க இடத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார் அந்தப் பெண். சொன்னபடியே மூட்டையை எடுத்து என் இருக்கையில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஏற வந்த ஒருவரை அவர் உட்கார விடாததால், அந்த ஆள் வேறு வேனுக்குப் போய்விட்டார்.

"அந்தாளு வரமாட்டாரு, மூட்டையை எடும்மா" என்றான் மசெரேகா.

"உனக்கெப்படித் தெரியும்? பாவம், அவருக்கும் அவசரம்னாரு. விட்டுட்டுப் போனா நல்லாருக்குமா?"

உண்மையைச் சொன்னால் மற்றவர்களும் இறங்கிவிடுவார்கள் என்பதால், திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் அவன் வாயை மூடிக்கொண்டான். நான் சப்பாத்திக் கடைத் தட்டிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். போய், எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. என் வெட்கத்துக்காக வேன் வெகுநேரம் அங்கேயே நின்றது. கடைசியில் அவரே அழுதுகொண்டு மூட்டையை எடுத்தார், அந்த இடத்தில் ஒரு ஆள் ஏறினார், வேன் போயிற்று. குழந்தை வழியிலேயே இறந்துவிட்டதாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

ஓட்டுநர் மேல் அந்தப் பெண் கொடுத்த புகாரை ஐயா எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நீலக் கோட்டுப் போட்ட ஒரு நல்ல மனிதரையும் ஏற்றாமல் விட்டுவிட்டு வந்தார்கள், அவர் அவசரம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை என்று அதில் இருக்கிறது. அவரைச் சாட்சிக்குத் தேடித்தான் என்னிடம் வந்தீர்கள். அந்த மனிதர் நான்தான். எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

இவை என் வாயால் நானே சொன்னவை, எங்கள் மொழியில் படித்துக் காட்டக் கேட்டேன், இதில் பொய் எதுவும் இல்லை.

ஒப்பம்: தெம்போ எரியா