தினமும் வி.ஐ.பி.

"சுத்தி நாலு பேரு வராம எனக்கு இப்ப நடக்கவே வரல மாப்ள."

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில், என் முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார். பாடிகார்டு பயிற்சி முடித்துவிட்டு, ஒரு மில் முதலாளியிடம் வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

"அம்புட்டு நாளா என்னத்தடா படிச்ச?"

"காவல் காத்துப் பழக ஒரு வி.ஐ.பி. வேணும்ல? எனக்குத் தொப்பை இருக்குன்னு மாஸ்டர் தெனமும் என்னையவே வி.ஐ.பி. ஆக்கிட்டாரு. மத்தவங்க ஓடுனாங்க, உருண்டாங்க. நான் கும்பிட்டுக்கிட்டே கார்ல ஏறுனேன்."

"மொதலாளிய எவனாச்சும் அடிக்க வந்தா?"

"டக்குன்னு குனிஞ்சுக்குவேன். அதுல நாந்தேன் ஃபர்ஸ்ட்டு."

"வெளங்கும். இந்த வேலையும் போச்சுன்னா உங்கப்பா தோட்டத்துல பூப்பறிக்கத்தான் கூப்புடுவாரு."

"அதேன் மாப்ள பயமாருக்கு. காலையிலருந்து சோறு எறங்கல."

நண்பருக்கு மனசு இளகிவிட்டது. தோளில் கைபோட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "நல்லாக் கேட்டுக்க. வாசல்ல கார் நிக்கும். நீ போயி கதவத் தொறந்துவிடு. அவரு ஏறிப் பின்னாடி உக்காருவாரு. அம்புட்டுத்தேன்."

முன் இருக்கைக்காரர் அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். முகம் வாடியது.

"அப்ப நான் எதுல வாரது?"