காயவிட்ட துளசி

தண்ணீரை நிறுத்திவிட்டு, திருவொற்றியூர்க்காரர்களை வைத்து யாரோ ஆராய்ச்சி நடத்துகிறார்கள் என்று முதலில் நம்பிவிட்டேன். தண்ணி லாரிக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் பேசியது அப்படி.

“தண்ணி காட்டாம வச்சா உள்ள இன்னா மாறுதுன்னு பாக்குறாங்கக்கா.”

என் நாக்கு அங்கேயே வறண்டது.

“யாரு?” என்றாள் பக்கத்துக் குடக்காரி.

“என் பொண்ணுதான், காலேஜுக்கு. மூணு தொட்டி துளசி. காயவுட்டா இலை மூச்சு வுடுற ஓட்டைய மூடிக்குதாம். தூங்கினு கீற ஜீனுலாம் முழிச்சிக்குதாம்.”

“லாரி ஆரன் கேட்டா நம்ப ஜீனும்தான் முழிச்சிக்குது. செடி எப்டி கீது?”

“பாவமா இருந்திச்சு. நேத்து அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்திட்டேன்.”

“பொண்ணுக்குத் தெரியுமா?”

“காலைல இலை நிமுந்து நின்னு காட்டிக் குடுத்துடுச்சு. பத்து நாள் காயவச்சது போச்சுன்னு அழுவுது.”

லாரி வந்தது. எனக்கு இரண்டு குடம் கிடைத்தது. அந்தக் காலேஜ் பெண்தான் துளசியை முதலிலிருந்து காயவைக்க வேண்டும்.