பின்சீட்டு பெல்ட்

சங்கரன்கோவிலில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், எனக்கு முன்சீட்டில் இருந்த எலுமிச்சை வியாபாரி பக்கத்துப் பெரியவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“பின்சீட்டுல ஆளே இல்ல அண்ணாச்சி. பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு கார் கத்துது.”

“புதுசுல ஒண்ணு ரெண்டு வண்டி அப்படி வந்து மாட்டும். ஷோரூம்ல காட்டுனியா?”

“சென்சாரையே மாத்திக் குடுத்தாவ. ஊருக்கு வாரதுக்குள்ள திரும்பவும் கத்துது.”

“பூசை போட்டுத்தான எடுத்த?”

“கோயில் வாசல்ல வச்சு போட்டோம். நாலு டயருக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சேன். மூணு நசுங்கிட்டு. ஒண்ணு உருண்டு ஓடிட்டு.”

“அத என்ன செஞ்ச?”

“நல்ல பழம் அண்ணாச்சி. யாவாரிக்கு விட்டுட்டு வர மனசு வருமா. எடுத்து பின்சீட்டுல போட்டுக்கிட்டு வந்துட்டேன்.”

பஸ் புளியங்குடி ரோட்டுக்குத் திரும்பியது. பெரியவர் வியாபாரி பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“திருஷ்டிக்கு வச்ச பழத்தையா உள்ள ஏத்துன? இப்பவும் கத்துதா?”

“இல்ல. காலிச்சீட்டுக்கு பெல்ட்ட மாட்டி விட்டுட்டேன். சத்தம் நின்னுட்டு.”

“பொறவு ஏன்டே பஸ்ல வார?”

“ஓட்ட பயமா இருக்கு. பெல்ட்ட கழத்தவும் பயமா இருக்கு அண்ணாச்சி. வண்டி வீட்டு வாசல்லதான நிக்கி. கழத்துனா எறங்கி உள்ள வந்துருமே.”