கெடு முடிந்த நம்பர்

போன் பில்லைக் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நிறையப் பேருக்கு அது கிடையாது. தொகையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுக் கட்டிவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் மேடம், நீங்களும் அந்த ரகம்தான் என்று நினைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

என் பெயர் துர்காதேவி, வயது முப்பத்தொன்பது. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை. படூரில் வாடகை ஃபிளாட். ஜாய்ஸ் மூன்று வருடமாக என்னோடு தங்கியிருந்தாள், என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு ஒரு நல்ல போன் வாங்க ஆசை. வேலை நிரந்தரமாகாததால் யாரும் தவணைக்குத் தரவில்லை. என் பெயரில் வாங்கிக் கொடுத்தேன். போனுக்கான தவணையும் மாதக் கட்டணமும் ஒரே பில்லில் வரும். இரண்டு வருடத்துக்கு இணைப்பை விட முடியாது. நம்பர் என்னுடையது, பேசுகிறவள் அவள். என் பங்குக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை அவளே சொல்வாள்.

அந்த இரண்டு வருடக் கெடு மார்ச்சில் முடிந்தது. ஏப்ரல் பில்லிலும் தவணை இருந்தது. முதலில் பார்த்தவள் ஜாய்ஸ்தான். பில் படிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்.

“இன்னாக்கா இது? ரெண்டு வருசம்தான் முடிஞ்சிபோச்சே. இன்னும் போனுக்குக் காசு புடிச்சிகினே கீறாங்க?”

புகார் போடுகிறேன், விடமாட்டேன் என்றேன். உடனே அவள் சொன்னாள்: “அப்டியே நம்பர என் பேருக்கு மாத்திக் குடுத்துடுக்கா. நானும் ஆல்வினும் ஒரே பிளான்ல சேந்துக்கலாம்னு கீறோம்.”

ஆல்வின் அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. சிறுசேரிக்கு ஆள் ஏற்றும் ஷட்டில் வண்டிகளுக்குச் சூப்பர்வைசர். தங்கமான பையன் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அவன் வருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போய்த் திரும்புவதற்குள் நான் கோவளத்தில் மீன் வாங்கி வைத்திருப்பேன். சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிட்டு, சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருப்போம். அவன் வந்த பிறகு மீனை நான் ஒருத்தியாகத் தின்றேன். பொறாமையா என்று நேற்று கேட்டீர்கள். ஆமாம், வயிறு எரிந்தது. அவன் பைக் சத்தம் கீழே கேட்டதும் அவள் கண்ணாடி முன்னால் ஓடுவாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்கவே முடிந்ததில்லை.

புகார் போட்ட ஆறாம் நாள் கம்பெனி தவறை ஒப்புக்கொண்டு பணத்தை வரவு வைத்துவிட்டது. அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஜாய்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பெயர் மாற்றச் சொல்வாள். ‘பில் தகராறு முடிகிற வரைக்கும் நம்பரை மாற்றமாட்டார்கள். பணத்தைக் கட்டினால் நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்’ என்று விளக்கினேன். அவள் புகார் எண்ணைக் கேட்டாள். பொய்யாக ஒன்றைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, அதனால் நிஜமாகவே இன்னொரு புகார் போட்டேன். அதை முடித்துவைத்தார்கள். மறுபடி போட்டேன். இல்லாத கட்டணத்தை எதிர்த்து நான்கு புகார், ஒரு மேல்முறையீடு. கம்பெனிக்காரர்கள் பொறுமைசாலிகள்.

“வுட்டுத்தள்ளு ஜாய்சு, வேற நம்பர் வாங்கிக்கலாம்” என்றான் ஆல்வின். அவள் சம்மதிக்கவில்லை. அவள் அப்பா ஏசுபாதம் கடப்பாக்கத்தில் தனியாக இருந்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரே நம்பர்தான். பக்கத்து வீட்டு வசந்தாவின் போனிலும் அதுதான் இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில், கம்பெனிக் கடைக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று ஆல்வின் நாள் குறித்தான். போயிருந்தால் பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். அதனால் அவன் குறித்த நாளுக்கு முந்தின நாளே நான் போனேன். சிம் பழுதாகிவிட்டது என்று சொல்லிக் கைரேகை வைத்து டூப்ளிகேட் சிம் வாங்கினேன். என் நம்பர்தானே, யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஜாய்ஸின் லைன் செத்துப்போனது. ‘தகராறு செய்ததற்கு லைனையே வெட்டிவிட்டார்கள், இப்போது போய்ச் சண்டை போட்டால் நம்பரே பறிபோகும்’ என்றேன். பயந்துவிட்டாள்.

“ஆனா ரிங்கு போதுக்கா” என்றான் ஆல்வின். லைனை வெட்டினாலும் அப்படித்தான் கேட்கும் என்றேன். அவன் என்னையே பார்த்தான். ஜாய்ஸ் அவனிடம், “அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி, நீ சும்மா இரு” என்றாள். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்று உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது.

அதன்பிறகு தினமும் ஏழு மணிக்கு என் போனை வாங்கித்தான் அப்பாவிடம் பேசினாள். லைன் செத்ததைச் சொன்னால் பெரியவர் பதறுவார் என்று நான் சொன்னதால் அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, என் மடியில் காலை நீட்டிக்கொண்டு பேசுவாள். பழைய ஜாய்ஸ் திரும்பி வந்துவிட்டாள். பீரோவுக்குள் பழைய போன் ஒன்றில் அந்த சிம் இருந்தது. ஆல்வின் எத்தனை முறை கூப்பிடுகிறான் என்று பார்ப்பேன். நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது.

ஜூன் பதினெட்டு, புதன்கிழமை. ஜாய்ஸும் ஆல்வினும் கல்யாண போட்டோ எடுக்க மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனார்கள். கட்டிக்கொண்டு போனது என் பட்டுப்புடவையை. நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். பதினொரு மணிக்கு பீரோவில் போன் அடித்தது. இரண்டாவது முறை அடித்தபோது எடுத்தேன்.

“ஜாய்சு, ஒங்கப்பாவுக்கு நெஞ்சு வலிம்மா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துகினு கீறோம். நீ நேரா அங்க வந்துடு” என்றாள் வசந்தா. பேசுவது யார் என்று அவள் கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பைக்கில் ஒரு மணி நேரம். ஜாய்ஸின் போனில் இணையம் ஆல்வின் போன் வழியாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மெசேஜ் போதும். டைப் செய்தேன். பிறகு யோசித்தேன். சேதி தெரிந்தால் அந்த நிமிடமே அழுவாள். அவன் அவளைத் தோளில் சாய்த்துக்கொள்வான். வழி முழுக்க அவன் முதுகில் முகம் புதைத்துக்கொண்டு போவாள். அந்த மாதிரி அழுகையில் ஒட்டிக்கொண்டவர்களை அப்புறம் பிரிக்கவே முடியாது. டைப் செய்ததை அழித்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு ஐந்தாவது முறையாக அடித்தது. “இந்தா, அண்ணன் ஒன்கூடப் பேசணும்ங்கறாரு” என்று வசந்தா போனைக் கொடுத்தாள். பெரியவருக்கு மூச்சு வாங்கியது.

“ஜாய்சு... வந்துகினு கீறியாம்மா?”

“வந்துகினே கீறேம்பா” என்றேன். “ஆஸ்பத்திரி கேட்டாண்ட வந்துட்டேன்.”

மூன்று வருடம் கூடவே இருந்தவள், அவள் பேச்சு எனக்கு வராதா? அவர் ஏதோ சொல்லிச் சிரித்த மாதிரி இருந்தது. நாலு மணி பத்து நிமிடத்துக்குப் போய்விட்டார். நிம்மதியாகப் போனார் என்று வசந்தாவே சாவு வீட்டில் சொல்லியிருக்கிறாள். அந்த நிம்மதி என்னால் வந்தது, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறரைக்கு ஆல்வின் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அவன் போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு, இப்போதுதான் என் போனுக்குச் சேதி வந்தது என்று சொன்னேன். என் தோளில்தான் விழுந்து அழுதாள். முழுசாக ஒன்பது நிமிடம். அதற்குப் பிறகுதான் ஆல்வினைக் கூப்பிட என் போனைக் கேட்டாள்.

அடக்கம் முடிந்த அன்று வசந்தா அவளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். “அஞ்சு வாட்டி போன் பண்ணேனே, வந்துகினே கீறேன்னியே, எங்கடி போன?” என்று கேட்டிருக்கிறாள். அதற்கு மேல் உங்களுக்குத் தெரியும்.

சிம் வாங்கியது நான். போனை எடுத்தது நான். சேதியை மறைத்ததும், அவள் குரலில் பேசியதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. நம்பரை ஜாய்ஸ் பெயருக்கு எழுதிக் கொடுக்கவும் இப்போது சம்மதம். அதற்கு நாங்கள் இருவரும் கடைக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அது கம்பெனி விதி. எந்த நாள் அவளுக்கு வசதிப்படும் என்று கேட்டுச் சொல்லுங்கள். ஆல்வின் வரத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.